பேச்சின் எல்லையில் ஒரு வாயிற்காவலன்

கோட்டை என்றால் மதில் வேண்டும். மதில் என்றால் அதில் ஒரு வாயில் வேண்டும். வாயில் இல்லாத மதில் சிறைச்சாலை ஆகிவிடும்; காவலன் இல்லாத வாயில் வெறும் ஓட்டை ஆகிவிடும். அரணின் அருமையை உணர்ந்தே வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். அந்த நாளில் கோட்டை வாயில் வழியே வணிகரும் தூதரும் படைவீரரும் வந்து போயினர். இந்த நாளில் நாம் கட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கோட்டைகளின் வாயில் வழியே இரவும் பகலும் வந்து போவது மனிதனின் குரலும் முகமும் ஆகும்.

நான் இக்கல்லூரியில் இயற்பியல் பயின்றவன். இப்போது சென்னையில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கு விடையளிக்கும் நிறுவனம் ஒன்றில், குரல் செல்லும் வலைப்பின்னலைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். பெரும்பாலும் இரவுப் பணி. அங்கே நான் கண்காணித்துவரும் ஒரு கருவியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதற்குச் 'செஷன் பார்டர் கன்ட்ரோலர்' என்று பெயர். நாங்கள் சுருக்கமாக 'எஸ்.பி.சி.' என்போம். இக்கட்டுரையில் அதை 'எல்லைக் காவலன்' என்றே அழைக்க விரும்புகிறேன். இந்தப் பெயரை நண்பர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆயினும் நீங்கள் கைப்பேசியில் ஊருக்குப் பேசும்போது, உங்கள் குரல் பல வேளைகளில் இத்தகைய காவலன் ஒருவனைக் கடந்துதான் செல்கிறது.

குரல் பொட்டலமான கதை

1876ஆம் ஆண்டு கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுக் காலம் தொலைபேசி என்றால் கம்பி என்றே பொருள். பேசுகிற இருவருக்கும் இடையே ஒரு பாதை ஏற்படுத்தித் தரப்படும். பேசி முடிக்கும்வரை அந்தப் பாதை அவர்களுக்கே சொந்தம். ஆபரேட்டரின் உதவியின்றி வெளியூருக்கு நேரே டயல் செய்யும் வசதி நம் நாட்டில் 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதன்முதலாக வந்தபோதும் அடிப்படை முறை மாறவில்லை.

இன்று நிலைமை வேறு. நாம் பேசும் ஒலியை வினாடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளாக எழுதப்படுகிறது. ஆக, வினாடிக்கு 64,000 பிட்டுகள். 1972இல் வகுக்கப்பட்ட 'ஜி.711' என்னும் இந்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. இந்த எண்களின் ஓட்டத்தை ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்காக வெட்டிப் பொட்டலம் கட்டுகிறார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் குரல் 160 பைட்டு. அதன்மேல் ஒட்டும் முகவரிச் சீட்டுகள் 40 பைட்டு. 'சாப்பிட்டாயா?' என்று தாய் கேட்கும் ஒரு சொல், இவ்வாறு முப்பது நாற்பது பொட்டலங்களாகப் பிரிந்து, இணையத்தின் கூட்ட நெரிசலுக்குள் புகுந்து, மறுமுனையில் மீண்டும் சொல்லாகிறது. விஞ்ஞானத்தின் விந்தையை என்னென்பது!

இதில் ஒரு சங்கடம் உண்டு. வழியில் காணாமற்போன கடிதத்தை மீண்டும் எழுதி அனுப்பலாம். காணாமற்போன குரலை மீண்டும் அனுப்புவதில் பயனில்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல 150 மில்லி வினாடிக்கு மேல் ஆகாமலிருப்பதே நல்ல உரையாடலுக்கு உகந்தது என்று சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் வரையறுத்துள்ளது. ஆகவே, எல்லையில் நிற்கும் காவலன் பொட்டலங்களை நிறுத்திவைத்து நிதானமாகச் சோதிக்க முடியாது. நடக்கிறவனை நிறுத்தாமலே யாரென்று பார்த்துவிட வேண்டும். அவன் வேலையின் கடினம் இதில்தான் தொடங்குகிறது.

அழைப்பு ஒரு வழி, குரல் ஒரு வழி

இணையத்தில் ஒருவரை அழைத்துப் பேசுவதற்கான விதிமுறைகளுள் முதன்மையானது 'சிப்' என்பது. கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹென்னிங் ஷுல்ஸ்ரின் முதலானோர் உருவாக்கிய இது 1999இல் ஏட்டில் ஏறி, 2002இல் திருத்தி அமைக்கப்பட்டது. இதன் நடைமுறை நம் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பது போன்றதே. முதலில் 'இன்வைட்' என்னும் அழைப்பு போகிறது. 'மணி அடிக்கிறது' என்று ஒரு விடை வருகிறது. எடுத்தவுடன் 'சரி' என்று இன்னொரு விடை. பேசி முடிந்ததும் 'பை' என்று விடைபெறும் செய்தி. குரல் இந்தக் கடிதங்களின் வழியே போவதில்லை. 'என் குரலுக்கு விடையை இந்த முகவரிக்கு, இந்த வாசல் எண்ணுக்கு அனுப்பு' என்று கடிதத்துக்குள் எழுதியிருக்கும். குரல் அந்த முகவரியை நோக்கித் தனி வழியே செல்லும். காணொலி என்றால் அதற்கு மற்றொரு வாசல் எண்.

ஏட்டில் இது அழகான ஏற்பாடு. நடைமுறையில் என்ன ஆயிற்று? இணையத்தில் உலகமறிந்த முகவரிகள் எல்லோருக்கும் போதவில்லை. எனவே ஒவ்வொரு வீட்டிலும் அலுவலகத்திலும் 192.168 என்று தொடங்குவன போன்ற உள்முகவரிகள் வழங்கப்பட்டன. வாயிலில் உள்ள ரூட்டர் மட்டுமே வெளியுலகுக்குத் தெரியும். 'மாடி அறை, இரண்டாம் கட்டில்' என்று மட்டும் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்? தெருவும் ஊரும் வேண்டாவா?

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனாவால் நாடு அடங்கிக் கிடந்தபோது இதை நான் நேரில் கண்டேன். எங்கள் ஊழியர்கள் தத்தம் வீடுகளிலிருந்து பணியாற்ற வேண்டியதாயிற்று. அவசரத்தில் செய்த ஏற்பாட்டில், சிலருடைய கணிப்பொறிகள் எல்லைக் காவலன் வழியாக அல்லாமல் நேரே உள் சர்வரோடு இணைக்கப்பட்டிருந்தன. மதுரையில் தன் வீட்டிலிருந்து பேசிய ஒரு பெண் ஊழியருக்கு ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் கடல்கடந்த நாட்டில் வாழும் முதியவர். மருத்துவமனைச் செலவுக்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்குமா என்று கேட்க அழைத்தவர். 'வணக்கம், சொல்லுங்கள்' என்று இவர் ஆங்கிலத்தில் சொன்னது அவருக்குக் கேட்டது. அவர் சொன்னது எதுவும் இவருக்குக் கேட்கவில்லை. ஒலிப்பதிவில் பின்னர் நான் கேட்டேன். அந்த முதியவர் தம் நோயை, தம் கணக்கு எண்ணை, தம் மனைவியின் பெயரை எல்லாம் பொறுமையாகச் சொல்கிறார். இவரோ 'கேட்கிறதா? கேட்கிறதா?' என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். சற்று நேரத்தில் அவர் மனம் சலித்து வைத்துவிட்டார்.

கருவி எதுவும் பழுதாகவில்லை. கம்பி எதுவும் அறுபடவில்லை. கடிதத்தில் உள்முகவரி எழுதியிருந்தது. முதியவரின் குரல் அந்த முகவரியைத் தேடிச் சென்று எங்கோ மறைந்தது. அவ்வளவே. மறுநாள் அந்த இணைப்புகளை எல்லாம் எல்லைக் காவலன் வழியாகத் திருப்பிவிட்டோம். அதன்பின் இருபுறமும் தெளிவாகக் கேட்டது.

காவலன் செய்யும் வேலைகள்

அப்படி அவன் என்னதான் செய்கிறான்? கடிதத்தில் எழுதிய முகவரியை அவன் நம்புவதில்லை. குரல் பொட்டலம் உண்மையில் எந்த முகவரியிலிருந்து வந்து சேர்ந்ததோ, விடையை அங்கேயே திருப்பி அனுப்புகிறான். இது முதல் வேலை.

இரண்டாவது, அவன் ஓர் அழைப்பை இரண்டாக அறுத்துத் தானே நடுவில் நிற்கிறான். வெளியே உள்ளவர் அவனோடு பேசுகிறார். அவன் உள்ளே உள்ளவரோடு பேசுகிறான். இருவரும் ஒருவரோடொருவர் நேரே பேசுவதாகவே எண்ணிக்கொண்டிருப்பர். உள்ளிருந்து போகும் கடிதங்களில் உள்ளிருக்கும் சர்வர்களின் முகவரிகள் பல எழுதப்பட்டிருக்கும். அவற்றை எல்லாம் அழித்துத் தன் முகவரி ஒன்றையே எழுதி அனுப்புகிறான். கோட்டைக்குள் எத்தனை அறை, எங்கே கருவூலம் என்று வெளியார் அறிய வழியில்லை.

மூன்றாவது, கதவைத் திறந்து மூடுவது. பயர்வால் என்னும் சாதாரணத் தடுப்புச்சுவருக்குக் குரலின் போக்கு புரிவதில்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் வாசல் எண் மாறுகிறது. எந்த எண் வருமென்று தெரியாததால் ஆயிரக்கணக்கான வாசல்களை எப்போதும் திறந்தே வைக்க நேரும். காவலனோ கடிதத்தைப் படித்துவிட்டு, அந்த அழைப்புக்குரிய வாசலை மட்டும் திறக்கிறான். 'பை' என்னும் விடை வந்தவுடன் மூடிவிடுகிறான்.

நான்காவது, அளவறிந்து உள்ளே விடுதல். இந்த இணைப்பில் ஒரே நேரத்தில் இத்தனை அழைப்புகள்தாம், வினாடிக்கு இத்தனை புதிய அழைப்புகள்தாம் என்று வரம்பு கட்டுகிறான். காணொலி குரலைவிடப் பன்மடங்கு இடம் கேட்பது. நெரிசல் மிகுந்தால் காணொலியை மறுத்து, குரலை மட்டும் அனுமதிக்கும்படியும் அவனுக்குக் கட்டளையிடலாம். ஆபத்துக்கால அழைப்புகளுக்கு எப்போதும் முன்னுரிமை.

ஐந்தாவது, அவன் ஒரு மொழிபெயர்ப்பாளன். ஒரு பக்கத்தார் ஜி.711 முறையில் வினாடிக்கு 64,000 பிட்டுகளாகப் பேசுவர். மறுபக்கத்தார் 8,000 பிட்டுகளாகச் சுருக்கும் 'ஜி.729' முறையில் பேசுவர். இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றித் தருகிறான். ஒரு பக்கம் சங்கேத மொழியில் பூட்டிய குரலும் மறுபக்கம் பூட்டாத குரலுமாக இருந்தால், எல்லையில் பூட்டுவதும் திறப்பதும் அவன் பொறுப்பே.

இவ்வகைக் கருவிகளைச் செய்வதற்கென்றே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு 'ஆக்மி பாக்கெட்' என்னும் நிறுவனம் தோன்றியது. 2013இல் ஆரக்கிள் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோ, குரலையும் பொட்டலமாகவே அனுப்பும் முறையைக் கைக்கொண்டபின், எல்லைக் காவலனின் வேலை பெரிய அலுவலகங்களோடு நில்லாமல் சாமானிய மக்களின் கைப்பேசி வரை வந்துவிட்டது.

ஒரு பொங்கல் இரவு

காவலனின் அருமை அமைதியான நாள்களில் தெரிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் விடுமுறையில் அலுவலகம் வெறிச்சோடிக் கிடந்த ஓர் இரவில், யாரோ எங்கள் வாயிலைத் தட்டத் தொடங்கினர். 100ஆம் எண்ணாக உள்ளே வரலாமா? 101ஆம் எண்ணாக வரலாமா? 102? ஒவ்வோர் எண்ணுக்கும் பலவகைக் கடவுச்சொற்கள். மனிதர் செய்யும் வேகமன்று. ஏதோ ஒரு கணிப்பொறி சலிப்பின்றித் தட்டிக்கொண்டிருந்தது.

எதற்காக? உள்ளே ஓர் ஊழியரின் எண் கிடைத்துவிட்டால், அதன்மூலம் எங்கள் செலவில் தொலைதூர நாடுகளின் அதிகக் கட்டண எண்களுக்கு இடைவிடாமல் அழைப்பார்கள். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போய்ச் சேரும். விடுமுறை நாளையும் நள்ளிரவையும் அவர்கள் தேர்ந்தெடுப்பதன் காரணம் எளிது: விடியும்வரை யாரும் பார்க்கமாட்டார்கள். காவலன் இல்லாத ஒரு சிறு நிறுவனத்துக்கு இப்படி ஒரே வார இறுதியில் வந்த தொலைபேசிக் கட்டணம், அதன் முதலாளியைக் கடனாளி ஆக்கிய செய்தியை நான் தொழில் நண்பர் ஒருவர் வாயிலாக அறிவேன்.

அன்றிரவு எங்கள் காவலன் சில தட்டல்களிலேயே அந்த முகவரியை அடையாளம் கண்டு விலக்கிவிட்டான். விலக்கியதை 'இல்லை' என்றுகூடச் சொல்லவில்லை, மௌனமாக இருந்துவிட்டான். 'இல்லை' என்பதும் ஒரு விடையல்லவா? உள்ளே ஆள் இருக்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். வேறு முகவரிகளிலிருந்து மீண்டும் தட்டினார்கள். மீண்டும் மௌனம். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொழுது விடிவதற்குள் தட்டியவர்கள் வேறு வாயிலைத் தேடிப் போய்விட்டனர்.

பொய்முகம் அணிந்து வருவோரும் உண்டு. வெளிநாட்டிலிருந்து அழைத்துக்கொண்டு, நம் ஊர் எண்ணிலிருந்து அழைப்பதுபோல் காட்டுவோர், 'காவல்துறையிலிருந்து பேசுகிறோம்' என்று முதியவர்களை மிரட்டிப் பணம் பறிப்பதை நாளேடுகளில் படிக்கிறோம். இதைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு, நாட்டின் எல்லை வாயில்களிலேயே ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. இந்திய எண்ணைத் தாங்கி வெளிநாட்டு வழியே வரும் போலி அழைப்புகளை அது இனங்கண்டு தடுத்தது. தொடங்கிய 24 மணி நேரத்தில் தடுக்கப்பட்டவை ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சம் என்று அரசு அறிவித்தது. வாயிலில் காவல் இல்லாதிருந்தால் இவற்றுள் எத்தனை அழைப்புகள் எத்தனை வீடுகளின் நிம்மதியைக் குலைத்திருக்கும்!

காவலனின் காது

இதுவரை காவலனின் புகழையே பாடினேன். இனிச் சொல்வது என் மனத்தை நெடுநாளாக உறுத்தும் ஒன்று.

இணையத்தை வகுத்த அறிஞர்கள் பலர் இக்கருவியை விரும்பவில்லை. அறிவும் பாதுகாப்பும் இரண்டு முனைகளில்தான் இருக்க வேண்டும். நடுவில் உள்ள வலைப்பின்னல் பொட்டலத்தைச் சுமந்து சென்றால் போதும் என்பது அவர்கள் கொள்கை. 1984இல் சால்ட்சர், ரீட், கிளார்க் என்னும் மூவர் இக்கருத்தை விளக்கி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. எல்லைக் காவலன் இக்கொள்கையை மீறியே பிழைக்கிறான். அவன் கடிதத்தைப் பிரிக்கிறான்; திருத்துகிறான்; மீண்டும் ஒட்டுகிறான். 2010இல் இணையப் பொறியியல் குழு வெளியிட்ட 5853ஆம் எண் ஆவணம், அவன் செய்யும் பணிகளையும் அவற்றால் முனைக்கு முனை நம்பகம் கெடுவதையும் ஒருங்கே எடுத்துரைக்கிறது.

குரலைச் சங்கேதமாகப் பூட்டும் முறைக்கு 2004இல் விதி வகுத்தார்கள். நல்லதே. ஆனால் பெரும்பாலான ஏற்பாடுகளில் பூட்டின் சாவி அந்த அழைப்புக் கடிதத்துக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது. கடிதத்தைப் படிப்பவன் காவலன். ஆகவே சாவியும் அவன் கையில். வீதியில் போகிறவன் கேட்க முடியாத பேச்சை, வாயிலில் நிற்பவன் கேட்க முடியும். 2016இல் வாட்ஸ்அப் அனைவருக்கும் கொண்டுவந்த முறையில் சாவி பேசும் இருவரிடம் மட்டுமே இருக்கும். நடுவில் உள்ளவன் பூட்டிய பெட்டியைச் சுமக்கிறான். அலுவலக, அரசு, வங்கித் தொலைபேசிகளில் அழைப்பைப் பதிவுசெய்யும் கட்டாயமும் சட்டப்படி ஒற்றுக்கேட்க இடமளிக்கும் கட்டாயமும் இருப்பதால், அங்கே சாவி காவலனிடமே தங்கிவிடுகிறது.

இதன் ஆபத்து வெறும் கற்பனையன்று. கிரீஸ் நாட்டில் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் இணைப்பகங்களில், சட்டப்படி ஒற்றுக்கேட்பதற்கென்று அமைந்த வசதியையே யாரோ இரகசியமாக இயக்கி, பிரதமர் உட்பட நூறு பேருக்கு மேற்பட்டவர்களின் பேச்சைக் கேட்டுவந்தனர். 2005இல் கண்டுபிடிக்கப்பட்டு 2006இல் உலகறிந்த செய்தி இது. காவலனுக்கென்று வைத்த காதைக் கள்வன் பயன்படுத்திக்கொண்டான்.

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தபால் தந்தித் துறையின் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் மேசையில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சாவி உண்டு. அதை ஒரு பக்கம் தள்ளினால் பேசுவோரின் குரல் அவர் காதில் விழும். இணைப்பு சேர்ந்ததா என்று அறிய அதைத் தள்ளித்தான் ஆகவேண்டும். 'இரண்டு பக்கமும் ஹலோ கேட்டதும் சாவியைத் திருப்பிவிடுவேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் எனக்குரியதன்று' என்று சொல்வார். ஊரில் எத்தனையோ சாவுச் செய்தியும் கல்யாணச் செய்தியும் கடன் தகராறும் அவர் கையைக் கடந்து போயின. அவர் வாயிலிருந்து ஒன்றையும் யாரும் கேட்டதில்லை. பொறியியல் எதுவும் படிக்காத அவர், காவலின் இலக்கணத்தை அறிந்திருந்தார்.

1996இல் நம் உச்ச நீதிமன்றம், தொலைபேசிப் பேச்சு ஒருவருடைய அந்தரங்க வாழ்வின் பகுதி என்றும், முறையான நடைமுறையின்றி அதை ஒற்றுக்கேட்கலாகாது என்றும் தீர்ப்பளித்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உறுதிசெய்தது. சட்டம் வகுத்த அந்த எல்லையை என் அத்தை ஒரு சாவியைத் திருப்பும் பழக்கத்தால் காத்துவந்தார்.

எங்கள் கருவிக்கு அந்தப் பழக்கம் தானாக வராது. அதற்கு நாங்கள்தான் கற்பிக்க வேண்டும். யார் எந்த அழைப்பைக் கேட்கலாம், பதிவு எத்தனை நாள் இருக்கலாம், பதிவைத் திறந்தவர் யார் என்று எழுதிவைக்கும் ஏடு எங்கே என்பனவற்றை எல்லாம் மனிதர்களே முடிவு செய்கிறார்கள். பராமரிப்புக்காக அழைப்பொன்றின் பொட்டலங்களைத் திறந்து பார்க்க எனக்கு அதிகாரம் உண்டு. பழுது எங்கே என்று அறியத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த முதியவரின் ஒலிப்பதிவைக் கேட்டதும் அப்படியே. பேச்சு ஒரு பக்கம் மட்டும் வருகிறது என்று உறுதியானதும் அதை மூடிவிட்டேன்.

மாணவ நண்பர்களுக்கு

இத்தகைய பணிக்கு இயற்பியலும் கணிதமும் கணிப்பொறி அறிவும் வேண்டும் என்பது உண்மை. அவற்றோடு சட்டம் பயின்றோரும் வேண்டும். வரலாறு பயின்றோரும் வேண்டும். மனித மனத்தை இலக்கியத்தில் கண்டறிந்தோரும் வேண்டும். எத்தனை அழைப்புகளை உள்ளே விடுவது என்பது கணக்கு. எதைக் கேட்பது, எதைக் கேளாதிருப்பது என்பது அறம். இரண்டையும் ஒருவரே கற்றுக்கொள்ள இடந்தருவது நம் கலைக்கல்லூரி போன்ற இடங்கள்தாம்.

நாளை உங்களுள் சிலர் இதுபோன்ற வாயில்களில் பணிபுரிய வருவீர்கள். குரலுக்கு மட்டுமன்று, மக்களின் பணத்துக்கும் மருத்துவக் குறிப்புகளுக்கும் வாக்குகளுக்கும்கூட வாயில்கள் எழுந்துவிட்டன. அங்கே நிற்கும்போது, வெளியே தட்டுகிற கள்வனிடம் விழிப்பாயிருங்கள். உள்ளே பேசுகிற மனிதர்களிடம் அடக்கமாயிருங்கள். இவ்விரண்டில் முதலாவதைக் கருவி ஓரளவு தானே செய்துவிடும். இரண்டாவதைச் செய்ய ஒரு மனிதர் வேண்டும்.